சுருதி ஏன் ஏற மறுக்கிறது? ப்யூர் டேட்டாவில் பிளாக் அளவும் பின்னூட்டத் தாமதமும்

ப்யூர் டேட்டா என்ற ஒலி மென்பொருளில் நான் முதலில் செய்து பார்த்தது, மீட்டிய தந்தி போல ஒலிக்கும் ஒரு சின்னப் பேட்ச். ஒரு கட்டை சுருதி, அதாவது ஷட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ். சங்கராபரணத்தின் ஆரோகணத்தை ஒவ்வொரு சுரமாக அனுப்பினேன். மத்திய ஸ்தாயி முழுக்கச் சரியாக வந்தது. மேல் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் வரைக்கும் குறையில்லை. மேல் மத்திமம் மட்டும் கொஞ்சம் இறங்கி ஒலித்தது. அதற்குப் பிறகு பஞ்சமம், தைவதம், நிஷாதம் மூன்றும் அந்த இறங்கிய மத்திமத்திலேயே ஒட்டிக்கொண்டன. அனுப்பும் எண் ஏறிக்கொண்டே போகிறது, காதில் விழும் சுருதி அசையவில்லை.

கணக்கில்தான் பிழை என்று நினைத்து இரண்டு நாள் சூத்திரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒலியை அந்த மென்பொருள் எப்படிப் பொட்டலம் பொட்டலமாகக் கையாளுகிறது என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். அது தெரிந்துவிட்டால் எக்கோ, ரிவெர்ப், தந்தி, குழல் என்று பின்னூட்டத்தில் ஓடும் எதையும் தைரியமாகக் கட்டலாம். அதனால் அதை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

ப்யூர் டேட்டா என்பது மில்லர் பக்கெட் 1990களில் எழுதிய இலவச மென்பொருள். 1980களில் பாரிஸில் உள்ள இர்காம் நிறுவனத்தில் மேக்ஸ் மென்பொருளைத் தொடங்கியவரும் அவர்தான். இரண்டிலும் நிரலை எழுத்தாக எழுதுவதில்லை. திரையில் பெட்டிகளை வைத்து, வயரால் இணைக்கிறோம். பெயரின் கடைசியில் அலைக்குறி (~) இருந்தால், அது ஒலி ஓடும் பெட்டி. இப்படிப் பெட்டிகளைக் கோத்து வைத்த படத்துக்குப் பேட்ச் என்று பெயர்.

திரையில் பார்க்கும்போது வயருக்குள் ஒலி தண்ணீர் போலத் தொடர்ந்து ஓடுவதாகவே தோன்றும். உண்மையில் அப்படி ஓடுவதில்லை. கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் எல்லாப் பெட்டிகளையும் ஒரு முறை சுற்றி வருவது கணினிக்குப் பெரும் வேலை. வீட்டில் இட்லி வேகவைக்கும்போது ஒவ்வொரு இட்லிக்கும் தனியாக அடுப்பைப் பற்றவைப்பதில்லையே, தட்டு நிறைய ஊற்றித்தானே வைக்கிறோம். ப்யூர் டேட்டாவும் 64 சாம்பிள்களை ஒரு தட்டாகச் சேர்த்து முதல் பெட்டியிடம் கொடுக்கிறது. அது 64-ஐயும் முடித்த பிறகு அடுத்த பெட்டி, அதற்கடுத்து அடுத்தது. எல்லாப் பெட்டிகளும் முடித்ததும் அடுத்த 64. இந்தத் தட்டுக்குப் பெயர்தான் பிளாக். 64-ஐ 44,100-ஆல் வகுத்தால் 1.45 மில்லிநொடி. நொடிக்கு ஏறக்குறைய 689 பிளாக்குகள்.

ஒலி ஒரே திசையில் போகும்வரை இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. வெளியே வந்த ஒலியில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி உள்ளே விடும்போதுதான் சங்கதி மாறுகிறது. அதைத்தான் பின்னூட்டம் அல்லது ஃபீட்பேக் என்கிறோம்.

ஒரு பெட்டியின் வெளியீட்டை நேராக அதன் முந்தைய பெட்டிக்கே வயர் போட்டு இணைத்துப் பாருங்கள். ஒலி வராது. "டிஎஸ்பி லூப் டிடெக்டட்" என்று ஒரு பிழைச் செய்தி வரும். முதல் பெட்டி வேலை செய்ய இரண்டாவதன் வெளியீடு வேண்டும், இரண்டாவது வேலை செய்ய முதலாவதன் வெளியீடு வேண்டும். எதை முதலில் ஓட்டுவது என்று மென்பொருளால் முடிவு செய்ய முடியவில்லை.

தயிர் உறைய வைக்கும் வீட்டில் இந்தச் சிக்கல் தினமும் உண்டு, தினமும் தீர்கிறது. இன்றைய பாலுக்கு உறை வேண்டும். உறைக்குத் தயிர் வேண்டும். இன்றைய பானையிலிருந்தே இன்றைய உறையை எடுக்க முடியாது, அது இன்னும் பால்தான். நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி எடுக்கிறோம். ப்யூர் டேட்டாவும் இதையே செய்கிறது. இப்போது ஓடும் பிளாக்குக்கு உள்ளே விட வேண்டிய ஒலியை, ஏற்கெனவே முடிந்துபோன பிளாக்கிலிருந்துதான் எடுக்க முடியும். ஆகவே பின்னூட்டச் சுற்று எதுவாக இருந்தாலும் குறைந்தது ஒரு பிளாக் தாமதம் அதில் இருந்தே தீரும்.

இந்த நேற்றைய தயிரை எடுத்து வைக்கும் பாத்திரங்கள்தான் டெல்ரைட்~, டெல்ரீட்~ என்ற ஜோடி. டெல்ரைட்~ ஒலியை ஒரு நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும். டெல்ரீட்~ நீங்கள் சொன்ன மில்லிநொடிக்கு முன்னால் எழுதப்பட்டதை எடுத்துத் தரும். இரண்டுக்கும் இடையே வயர் கிடையாது, ஒரே பெயர் வைத்தால் போதும். வயர் இல்லாததால் லூப் என்ற புகாரும் வராது. ஒலியை வயர் இல்லாமல் அனுப்பிப் பெறும் எஸ்~, ஆர்~ என்ற ஜோடியையும் சுற்றுக்குள் வைக்கலாம். ஆனால் அதில் தாமதத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அது எப்போதும் ஒரே ஒரு பிளாக்தான். எஸ்~, ஆர்~ போட்டு, திரும்ப உள்ளே விடும் ஒலியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் உலோகத்தைத் தட்டியது போல ஒரு ஒலி எழும். அது 689 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பிளாக் அளவே காதில் கேட்கிறது என்று சொல்லலாம்.

இப்போது என் ஆரோகணத்துக்கு வருவோம். தந்தி போல ஒலிக்கும் பேட்ச்சின் அடிப்படை, கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட முறை. ஒரு பொடி இரைச்சலைத் தாமதச் சுற்றில் விடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்து இரண்டு சாம்பிள்களின் சராசரியை எடுத்து மறுபடி உள்ளே விடுகிறார்கள். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாகி, மீட்டிய தந்தி அடங்குவது போலவே அடங்குகிறது. அதன் சுருதி, சுற்றின் நீளத்தைப் பொறுத்தது. நொடிக்கு 440 முறை சுற்றினால் 440 ஹெர்ட்ஸ். அதற்குச் சுற்றின் நீளம் 2.27 மில்லிநொடி, அதாவது 100 சாம்பிளுக்குச் சற்று மேல்.

சுருதி ஏற ஏறச் சுற்று சுருங்க வேண்டும். 64 சாம்பிளுக்குக் கீழே அது சுருங்க முடியாது. 44,100-ஐ 64-ஆல் வகுத்தால் 689. என் மேல் காந்தாரம் 659 ஹெர்ட்ஸ், தப்பித்தது. மத்திமம் 698, தாண்டிவிட்டது. டெல்ரீட்~ பெட்டியிடம் ஒரு மில்லிநொடி என்று கேட்டாலும் அது 1.45-தான் கொடுக்கும், எந்தப் புகாரும் சொல்லாமல். பஞ்சமமும் தைவதமும் ஒரே சுருதியில் நின்றது இதனால்தான்.

இந்த எல்லையைக் கையால் அளந்தும் பார்க்கலாம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 1.45 மில்லிநொடியில் அரை மீட்டர். போய்த் திரும்பும் தூரம் அரை மீட்டர் என்றால், இரு முனையும் திறந்த குழலின் நீளம் 25 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அதைவிடக் குட்டையான குழலை 64 சாம்பிள் பிளாக்கில் இந்த வழியில் கட்டவே முடியாது.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். 10 மில்லிநொடி கேட்டால் 10 வருமா, அல்லது 10-உடன் ஒரு பிளாக்கும் சேர்ந்து 11.45 வருமா? டெல்ரீட்~ அதைத் தானே சரிக்கட்டிக்கொள்கிறது. ஒரு பிளாக்குக்கு மேல் எவ்வளவு கேட்டாலும் கேட்டதே வரும். ஆகவே கழித்துக் கணக்குப் போட வேண்டாம். மாறாக, சுற்றுக்குள் எஸ்~, ஆர்~ ஜோடியும் கூடவே இருந்தால் அதன் ஒரு பிளாக் கட்டாயம் கூடும், அதைக் கழித்தாக வேண்டும்.

பின்னூட்டமே இல்லாத இடத்திலும் இந்த ஒரு பிளாக் தொந்தரவு வரலாம். மூல ஒலியுடன் அதன் ஒரே ஒரு தாமதப் பிரதியை மட்டும் கலக்கிறீர்கள் என்று வையுங்கள். டெல்ரைட்~ முதலில் ஓடினால் சுழியம் வரை தாமதத்தைக் குறைக்கலாம். டெல்ரீட்~ முதலில் ஓடினால் ஒரு பிளாக்குக்குக் கீழே இறங்காது. இரண்டுக்கும் நடுவே வயர் இல்லாததால் எது முதலில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திரையில் எது மேலே இருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்காது. இரண்டையும் தனித்தனித் துணைப் பேட்ச்களில் (பேட்சுக்குள்ளேயே வைக்கும் சிறு பேட்ச்) வைத்து, எழுதும் பேட்சிலிருந்து படிக்கும் பேட்சுக்கு ஒரு வெற்று ஒலி வயர் போட்டுவிடுங்கள். வரிசை உறுதியாகிவிடும். ப்யூர் டேட்டாவுடன் வரும் உதவிக் கோப்புகளின் ஒலி எடுத்துக்காட்டுகளில், ஜி என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையில் இதற்கென்றே ஒரு பேட்ச் இருக்கிறது. திறந்து பார்க்க வேண்டிய பேட்ச் அது.

சரி, 689-ஐத் தாண்டுவது எப்படி? பிளாக்கைச் சிறிதாக்க வேண்டும். அதற்கு உள்ள பெட்டி பிளாக்~. ஒரு துணைப் பேட்ச் உருவாக்கி, அதற்குள் எங்காவது பிளாக்~ 16 என்று ஒரு பெட்டி வைத்தால் போதும். அதற்கு வயர் எதுவும் வேண்டாம். அந்தத் துணைப் பேட்ச் மட்டும் 16, 16 சாம்பிளாக ஓடும். வெளியே மற்ற பேட்ச் 64-லேயே இருக்கும். வெளியே ஒரு பிளாக் முடிவதற்குள் உள்ளே நான்கு சுற்று ஓடி முடிந்துவிடும். எண் 1, 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும்.

இதில் தவறவிடக் கூடாதது, சுற்று முழுவதும் அந்தத் துணைப் பேட்சுக்குள் இருக்க வேண்டும் என்பது. டெல்ரீட்~, சராசரி எடுக்கும் வடிகட்டி, பெருக்கல், டெல்ரைட்~ எல்லாமே உள்ளே. டெல்ரீட்~ பெட்டியை மட்டும் உள்ளே வைத்துவிட்டு ஒலியை வெளியே கொண்டுவந்து பெருக்கி மறுபடி உள்ளே அனுப்பினால், வெளியே வந்த கணமே 64-இன் கணக்குக்குள் மாட்டிக்கொள்கிறீர்கள். சிறிய பிளாக்கின் பயன் அங்கேயே போய்விடும். உள்ளே வர வேண்டியது மீட்டும் இரைச்சலும் சுருதி எண்ணும் மட்டும். வெளியே போக வேண்டியது முடிந்த ஒலி.

எந்த எண்ணைப் போடுவது? இணையத்தில் பெரும்பாலும் பிளாக்~ 1 போடு என்றே சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிளாக் 1 என்றால் துணைப் பேட்சில் உள்ள ஒவ்வொரு பெட்டியும் நொடிக்கு 689 முறைக்குப் பதிலாக 44,100 முறை கூப்பிடப்படுகிறது. ஒரு இட்லிக்கு ஒரு முறை அடுப்புப் பற்றவைக்கும் கதைதான். ஒரு தந்திக்குத் தாங்கும். எட்டுத் தந்தி ஒன்றாக ஒலிக்கும்போது பழைய மடிக்கணினி திணறி ஒலி வெட்டத் தொடங்கும். உங்கள் கருவியின் மிக உயர்ந்த சுருதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 44,100-ஐ அந்த எண்ணால் வகுத்து, கிடைக்கும் விடைக்குள் அடங்கும் பெரிய இரண்டடுக்கை எடுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வரை போதுமென்றால் விடை 44, பிளாக் 32. பிளாக் 16-க்கு எல்லை 2,756 ஹெர்ட்ஸ். பிளாக் 8-க்கு 5,512, பியானோவின் கடைசிக் கட்டையான 4,186 ஹெர்ட்ஸும் இதற்குள் அடங்கிவிடும். என் தந்திப் பேட்சுக்கு 16 போட்டேன். ஆரோகணம் மேல் நிஷாதம் தாண்டியும் ஏறியது.

பிளாக்~ பெட்டிக்குப் பதிலாக ஸ்விட்ச்~ வைத்தால், பிளாக் அளவையும் அமைக்கலாம், அந்தத் துணைப் பேட்ச்சை வேண்டாதபோது அணைத்தும் வைக்கலாம். பல தந்திகள் உள்ள பேட்சில் நான் ஸ்விட்ச்~ தான் வைக்கிறேன்.

ஒரு தவறான எதிர்பார்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளாக்~ 1 போட்டுவிட்டால் மெட்ரோ போன்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் துல்லியமாகத் தட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். செய்திகள் பெரிய 64 சாம்பிள் தட்டுகளுக்கு நடுவில்தான் பரிமாறப்படுகின்றன. சிறிய பிளாக் வேகப்படுத்துவது ஒலிப் பெட்டிகளின் சுற்றை மட்டும்.

சுருதி ஏறியதும் எனக்கு அடுத்த சிக்கல் வந்தது. மேலே போகப் போக சுரங்கள் லேசாகப் பிசகின. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, பக்கத்து இரண்டு சாம்பிள்களின் சராசரி எடுக்கும் வடிகட்டி தன் பங்குக்கு அரை சாம்பிள் தாமதம் சேர்க்கிறது. இரண்டாவது, டெல்ரீட்~ முழு சாம்பிள்களில்தான் படிக்கும், பின்னத்தைப் பக்கத்து முழு எண்ணாக்கிவிடும். 2,000 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் சுற்று 22.05 சாம்பிள். அரை சாம்பிளைக் கழித்தால் 21.55. டெல்ரீட்~ அதை 22 ஆக்கிவிடும். வடிகட்டியோடு சேர்த்து 22.5. கிடைப்பது 1,960 ஹெர்ட்ஸ். ஒரு அரைச்சுர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது, யார் காதுக்கும் தெரியும். கீழ்ச் சுருதியில் இதே பிழை மிகச் சிறியது, கவனிக்கவே மாட்டோம். டெல்ரீட்4~ என்ற பெட்டி பக்கத்து நான்கு சாம்பிள்களைப் பார்த்து இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட்டுத் தரும். அதைப் போட்டு, அரை சாம்பிளையும் கழித்துவிட்டால் சுருதி சேர்ந்துவிடும். அந்தக் கணக்குக்குப் பக்கத்து சாம்பிள்கள் தேவை என்பதால், பிளாக் அளவுக்கு மேல் ஒன்றிரண்டு சாம்பிள் இடம் விட்டே பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

இனி அளவு, அதாவது திரும்ப உள்ளே விடும் ஒலியை எவ்வளவால் பெருக்குவது என்பது. 1-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அதே 0.99 ஒரு சுற்றில் மணி போல நீண்டு ஒலிக்கும், இன்னொன்றில் டப்பென்று அடங்கிவிடும். எத்தனை முறை சுற்றுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். ஒரு பிளாக் நீளச் சுற்றில் நொடிக்கு 689 முறை 0.99-ஆல் பெருக்குகிறோம். ஒரு நொடி முடிவில் ஒலி ஆயிரத்தில் ஒரு பங்காகிறது, அதாவது 60 டெசிபல் இறங்குகிறது. ஒரு சாம்பிள் நீளச் சுற்றில் அதே 689 பெருக்கலும் 16 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். அரை நொடி எக்கோவிலோ நொடிக்கு இரண்டே சுற்று, அடங்க ஐந்தே முக்கால் நிமிடம் ஆகும்.

அதனால் பெருக்கும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், ஒலி எத்தனை நொடியில் அடங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். சுற்றின் நீளத்தை அடங்க வேண்டிய நேரத்தால் வகுக்கவும், இரண்டும் ஒரே அலகில். 0.001-ஐ அந்த விடையின் அடுக்குக்கு உயர்த்தவும். கிடைப்பதுதான் பெருக்கும் எண். மூன்று நொடியில் அடங்க வேண்டும் என்றால், 440 ஹெர்ட்ஸ் சுற்றுக்கு 0.9948 வரும். 110 ஹெர்ட்ஸ் சுற்றுக்கு 0.979 போதும். சுருதி மாறும்போது இதையும் சேர்த்து மாற்றாவிட்டால் மேல் சுரங்கள் சட்டென்று அடங்கும், கீழ் சுரங்கள் நீளும். நிஜத் தந்தியிலும் ஓரளவு அப்படித்தான் என்பதால், தந்திப் பேட்சில் நான் இதை முழுக்கச் சமப்படுத்துவதில்லை. வடிகட்டியும் தன் பங்குக்கு ஒலியைத் தேய்க்கிறது என்பதால் காதால் கேட்டுக் கடைசியாகத் திருத்த வேண்டியும் இருக்கும்.

1-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கணக்குதான். ஒரு பிளாக் சுற்றில் 1.01 போட்டால் ஒரே நொடியில் ஒலி 900 மடங்குக்கு மேல் பெருகும். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது கை தவறி இது நடந்தால் செவிக்கு நிஜமான ஆபத்து. சுற்றுக்குள், டெல்ரைட்~ பெட்டிக்குச் சற்று முன்னால், கிளிப்~ -1 1 என்று ஒரு பெட்டியை எப்போதும் வைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒலி போகாது. புதுச் சுற்றைச் சோதிக்கும்போது நான் ஹெட்ஃபோனைக் கழுத்தில்தான் போட்டுக்கொள்வேன்.

ஒரே ஒரு சாம்பிள் தாமதம் வேண்டிய வேலைகளும் உண்டு, வடிகட்டிகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அதற்கெல்லாம் பிளாக்~ 1 தேவையில்லை. லாப்~, ஆர்போல்~ போன்ற வடிகட்டிப் பெட்டிகள் அந்தப் பின்னூட்டத்தைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் 64 உள்ளே போய் 64 வெளியே வரும், உள்ளே ஒவ்வொரு சாம்பிளும் முந்தைய சாம்பிளைப் பார்த்துக்கொண்டுதான் ஓடுகிறது. சொந்தமாக ஒரு சமன்பாடு எழுத வேண்டுமென்றால் எஃப்எக்ஸ்பர்~ இருக்கிறது, முந்தைய வெளியீட்டை அதில் நேராகக் குறிப்பிடலாம். ஆனால் கணினிக்குச் சுமை அதிகம்.

மேக்ஸ் மென்பொருளிலும் கதை இதேதான், அங்கே பிளாக்குக்குச் சிக்னல் வெக்டர் என்று பெயர். டேப்இன்~, டேப்அவுட்~ ஜோடியால் ஒரு வெக்டருக்குக் கீழே இறங்க முடியாது. 2011-இல் மேக்ஸ் 6-உடன் வந்த ஜென்~ சூழலுக்குள் ஹிஸ்டரி என்ற பெட்டி ஒரு சாம்பிள் தாமதத்தைத் தருகிறது. ரியாக்டர் என்ற இன்னொரு ஒலி மென்பொருளின் கோர் பகுதி சாம்பிள் சாம்பிளாகவே ஓடுகிறது. விசிவி ராக் என்ற மென்பொருளில் ஒவ்வொரு வயரும் ஒரு சாம்பிள் தாமதம். அதனால் அங்கே வெளியீட்டை எடுத்து உள்ளீட்டில் அப்படியே செருகிவிடலாம், லூப் என்ற புகார் வராது.

கடைசியாக, ஆரம்பத்தில் எல்லாரையும் குழப்பும் ஒன்று. ப்யூர் டேட்டாவின் ஒலி அமைப்புச் சாளரத்தில் டிலே என்றும் பிளாக் சைஸ் என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கும். அவை ஒலி அட்டைக்கும் மென்பொருளுக்கும் நடுவே உள்ள சேமிப்புக்கானவை. அவற்றை எவ்வளவு மாற்றினாலும் பேட்சுக்குள் ஓடும் சுற்றின் 64 மாறாது, என் மத்திமமும் ஏறியிருக்காது. மைக்கில் பாடி ஸ்பீக்கரில் கேட்கும் இடைவெளிதான் மாறும். ஆனால் உங்கள் பின்னூட்டச் சுற்றே ஸ்பீக்கரிலிருந்து அறைக்குள் போய் மைக் வழியாகத் திரும்புகிறது என்றால், அந்த அமைப்புகளும் சுற்றின் ஒரு பகுதிதான். டிலே 20 மில்லிநொடி என்று வைத்தால், ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் நடுவே இன்னும் ஏறக்குறைய ஏழு மீட்டர் காற்றைச் சேர்த்ததற்குச் சமம். அப்படிப்பட்ட பேட்சில் பிளாக்~ பெட்டியைத் தேடுவதற்கு முன்னால் அந்தச் சாளரத்தைத் திறந்து பாருங்கள்.